விடிகாலை நட்சத்திரத்துக்கு முந்தின நாள் பக்கம்

கப்பலுக்குப் புதிதாகப் பயிற்சிக்கு வரும் கேடட் பிள்ளைகளுக்கு, வானத்து உயரத்தைக் கோணமாக அளக்கும் செக்ஸ்டன்ட் பிடிக்க நன்றாகவே தெரிகிறது. சூரியனை இறக்கித் தொடுவானத்தில் உட்கார வைத்து, கோணத்தைப் படித்து, நேரத்தையும் விநாடியோடு குறித்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய் எண்களைத் தட்டினால் முடிந்தது வேலை. விதியும் இதற்கு இடம் கொடுக்கிறது. கப்பல் பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச விதிகளின் 2010 மணிலா திருத்தங்களிலேயே மின்னணு அல்மனாக்கும் கணக்குப் போடும் மென்பொருளும் பயன்படுத்தலாம் என்று வந்துவிட்டது. ஆனாலும் என் வாட்ச்சில், அதாவது என் காவல் முறையில், நிற்கிறவர்கள் அல்மனாக் புத்தகத்தைத் திறந்து, பேப்பரில் வரி வரியாகப் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்காக இந்தப் பதிவு.

நாட்டிகல் அல்மனாக்கைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம். பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடும் புத்தகம் இது. விரித்துப் பிடித்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் மூன்று நாள் இருக்கும். இடது பக்கம் ஏரீஸ் (நட்சத்திரங்களின் கோணத்தை அளக்கத் தொடங்கும் வானத்துப் புள்ளி), நான்கு கிரகங்கள், ஓரத்தில் 57 நட்சத்திரங்கள். வலது பக்கம் சூரியனும் சந்திரனும். கிரீன்விச் நேரப்படி ஒவ்வொரு மணிக்கும் அந்தச் சூரியனோ வெள்ளியோ பூமியில் எந்த இடத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. கிரீன்விச்சிலிருந்து மேற்கே எவ்வளவு என்பது ஜிஎச்ஏ, பூமத்திய ரேகைக்கு வடக்கே தெற்கே எவ்வளவு என்பது டெக்ளினேஷன். மணிக்கு நடுவிலுள்ள நிமிடத்துக்கும் விநாடிக்கும் பின்பக்கம் தனி அட்டவணை உண்டு. (நேரத்துக்கு நிமிடம், கோணத்துக்கு மினிட் என்று எழுதுகிறேன், கலந்துவிடக் கூடாது. கோணத்தில் ஒரு மினிட் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, கடலில் ஒரு மைல், 1852 மீட்டர்.)

ஒரு மதியக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 21, வங்காள விரிகுடா, பிரிட்ஜில் கண் உயரம் 25 மீட்டர். சூரியன் உச்சத்தைத் தொடும்போது அதன் கீழ் விளிம்பை வடக்குத் தொடுவானத்தில் வைத்துப் படித்தால் 78 டிகிரி 57.2 மினிட், கருவியில் பிழை இல்லை என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் நின்று பார்ப்பதால் தொடுவானம் தாழ்ந்து தெரியும், அந்தத் திருத்தம்தான் டிப். நம் கண் உயரத்துக்கு 8.8 மினிட், அதைக் கழி. விளிம்பிலிருந்து மையத்துக்கு வரவும் ஒளி வளைவதைச் சரிசெய்யவும் சேர்த்து ஒரே திருத்தமாக 15.6 மினிட், அதைக் கூட்டு. 79 டிகிரி 4 மினிட் வருகிறது. 90இலிருந்து கழித்தால் 10 டிகிரி 56 மினிட். புத்தகத்தில் அன்றைய டெக்ளினேஷன் 23 டிகிரி 26.2 மினிட் வடக்கு. சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் டெக்ளினேஷனிலிருந்து அந்த 10 டிகிரி 56 மினிட்டைக் கழி: 12 டிகிரி 30.2 மினிட் வடக்கு. இதுதான் நம் அட்சரேகை. முழுக்கணக்கும் ஆறேழு வரிதான்.

இப்போது ஒவ்வொரு வரியிலும் என்ன தப்பு வரலாம் என்று பாருங்கள். டிப் கழிக்க மறந்தால் 8.8 மைல் போகும். கூட்டிவிட்டால் அதுவே இரட்டிப்பு. மேல் விளிம்பை எடுத்துவிட்டுக் கீழ் விளிம்புக்கான திருத்தத்தைப் போட்டால் ஏறக்குறைய 32 மைல், ஏனென்றால் சூரியனின் அகலமே அவ்வளவுதான். மார்ச் கடைசியில் ஒரு நாள் தள்ளிப் பார்த்துவிட்டால் டெக்ளினேஷன் மட்டும் 24 மினிட் மாறும். ஜூனில் அதே தப்பைச் செய்தால் ஒன்றுமே ஆகாது. கடிகாரம் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு மினிட். ஆக, இந்த வேலையில் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு அளவு இருக்கிறது. கையால் போட்டுப் பழகியவருக்கு அந்த அளவைப் பார்த்ததுமே எந்த வரியில் தப்பு என்று பிடிபட்டுவிடும். எண்ணைத் தட்டி விடை வாங்கியவருக்கு விடை தப்பு என்பது மட்டும்தான் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. மென்பொருளில் கண் உயரம் போன பயணத்தில் யாரோ போட்டுவைத்ததாக இருக்கும். சரக்கு இறங்கி கப்பல் ஐந்து மீட்டர் உயர்ந்து மிதக்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? புத்தகமோ ஒவ்வொரு முறையும் அந்த அட்டவணைக்கு நம்மைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறது.

தலைப்புக்கு வருகிறேன். நம் பக்கத்துக் கடலில் ஓடுகிற கப்பலில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான். வங்காள விரிகுடாவில் கப்பலின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஆறு மணி நேரம் முன்னால் ஓடும். மாலை 6:15க்கு நட்சத்திரம் எடுத்தால் அங்கே பகல் 12:15, தேதி அதேதான், பிரச்சினை இல்லை. காலை 5:15க்கு எடுத்தால் அங்கே முந்தின நாள் இரவு 23:15. மூன்று நாளும் ஒரே பக்கத்தில் அடுக்கியிருப்பதால் கண் தானாக இன்றைய தேதியில் போய் விழும். ஏரீஸின் ஜிஎச்ஏ ஒரு நாளில் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் 59.1 மினிட் கூடுகிறது. ஐந்து நட்சத்திரத்தையும் தப்பான நாளில் பார்த்துவிட்டால் ஐந்தும் ஒரே அளவு நகர்ந்து, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வரைபடத்தில் நாம் போடும் கோடுகள் எல்லாம் அழகாக ஒரே புள்ளியில் வெட்டும். பார்க்க அப்பழுக்கில்லாத நிலை, ஆனால் கப்பல் இருக்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட 58 மைல் மேற்கே! கோடுகள் கூடி வருவதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சுமார் 58 மைல், நேர் மேற்கு என்றதுமே முதலில் தேதியைப் பார் என்று என் கேடட்டுகளிடம் சொல்வேன்.

அந்த 57 பெயர்களில் பல நமக்குத் தெரிந்தவைதான், பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். அல்டெபரான் நம் ரோகிணி, ஸ்பைக்கா சித்திரை, ஆர்க்டூரஸ் சுவாதி, ஆன்டாரஸ் கேட்டை, ரெகுலஸ் மகம். கனோபஸ் அகத்தியர்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு முறை. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் சென்னை அட்சரேகைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாட்களில் அந்தக் கடலில் மதியம் 89 டிகிரிக்கு மேல் உயரம் கிடைக்கும். சூரியன் சில நிமிடத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்குத் தாவிவிடும், வழக்கமான மதியக் கணக்குக்கு லாயக்கில்லை என்று பலர் அன்றைக்கு செக்ஸ்டன்டைத் தொடுவதேயில்லை. எனக்கோ அன்றைக்குத்தான் கை பரபரக்கும். சூரியன் உச்சியில் நிற்கும் இடத்தை அல்மனாக்கே கொடுத்துவிடுகிறதே: டெக்ளினேஷன்தான் அட்சரேகை, 360இலிருந்து ஜிஎச்ஏவைக் கழித்தால் கிழக்குத் தீர்க்கரேகை. அந்தப் புள்ளியை வரைபடத்தில் குத்தி, 90இலிருந்து உயரத்தைக் கழித்து வருவதை மைலாக மாற்றி, காம்பஸால் ஒரு வட்டம் போட வேண்டியதுதான். 89 டிகிரி 20 மினிட் என்றால் ஆரம் 40 மைல். சூரியனுக்குக் கீழேயுள்ள புள்ளி நிமிடத்துக்கு 15 மினிட் மேற்கே ஓடுவதால், இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்தால் மூன்று வட்டங்கள் வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுதான் நம் இடம். முக்கோணவியல் எதுவும் வேண்டாம், சூரியன் ஒன்றே போதும், ஐந்து நிமிடத்தில் அட்சமும் தீர்க்கமும் இரண்டும் கையில்.

ஜிபிஎஸ் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் பக்கம் இருந்த குறைந்தது 20 கப்பல்களுக்கு, நீங்கள் நிற்பது கெலெண்ட்ஜிக் விமான நிலையம் என்று ஜிபிஎஸ் காட்டியது. விமான நிலையம் என்பதால் உடனே தெரிந்துபோனது. நடுக்கடலில் ஐந்து மைல் மெதுவாகத் தள்ளிக்கொண்டுபோனால் யாருக்குத் தெரியும்? ஜிபிஎஸ் தரும் எண்ணைப் பிரித்துப் பார்க்க வரிகள் கிடையாது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 1990களின் கடைசியில் கைவிட்ட இந்தப் பாடத்தை 2015இல் திரும்பக் கொண்டுவந்தது சும்மா இல்லை.

இந்த எண்களை இவ்வளவு நம்பலாமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பிரிட்டனின் அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலின் 1767ஆம் ஆண்டுக்கான முதல் அல்மனாக்கைக் கொண்டுவந்தபோதே, ஒரே கணக்கை இரண்டு பேர் வெவ்வேறு ஊரில் தனித்தனியாகப் போட, மூன்றாவது ஆள் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இருந்தது. இரண்டு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது தெரிந்ததும் வேலையை விட்டே நீக்கினார்கள். இந்த எண்கள் நம் ஊருக்குள்ளும் வந்தன. மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்க வழிவழியாக வந்த பழைய வாக்கியங்களை (மனப்பாடச் சூத்திரங்களை) வைத்துக் கணித்தால் வானத்தோடு ஒத்துவரவில்லை என்று நாட்டிகல் அல்மனாக்கை ஆதாரமாக வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். கப்பல்காரர் புத்தகம் ஒன்று நம் வீட்டு விசேஷ நாட்களுக்குள் வந்த கதை, இதை இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒரு வேண்டுகோள். புது ஆண்டுப் புத்தகம் வந்ததும் பழையதைக் குப்பையில் போடாதீர்கள். அடுத்த ஆண்டுக்கும் அதைப் பயன்படுத்தும் வழி அதற்குள்ளேயே அச்சிட்டிருக்கிறது. சூரியனுக்கு, அதே தேதியில் 5 மணி 48 நிமிடம் முன்னதாகப் பார்த்து, ஜிஎச்ஏவோடு 87 டிகிரி கூட்ட வேண்டும். ஓர் ஆண்டு என்பது 365 நாளும் அந்த 5 மணி 48 நிமிடமும் என்பதால் இப்படி. லீப் ஆண்டு குறுக்கே வந்தால் எண்கள் வேறு, அந்தக் குறிப்பையும் படித்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பென்சிலோடு சேர்த்து லைஃப்போட் பக்கம் வைத்துவிடலாம், நான் அப்படித்தான் வைக்கிறேன்.