சாய்மானம் உள்ள பெஞ்சு

சென்னையில் லஸ் பக்கம் வீடு பார்த்தபோது, தரகர் நாகேஸ்வர ராவ் பூங்காவைக் கை காட்டிவிட்டுத்தான் வாடகையையே சொன்னார். பூங்காவுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. கொடுத்தது வீண் போகவில்லை. அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அமிர்தாஞ்சன் கண்ட நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயரில் உள்ள பூங்கா. மூட்டுவலிக்காரர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் போய், ஜனங்கள் பூங்காவுக்கு எதற்காக வருகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்துகள் வந்துவிட்டன. பெஞ்சுக்காக வருகிறார்கள். அதுவும் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள பெஞ்சு. மரத்தைச் சுற்றி வட்டமாகக் கட்டிய சிமெண்ட் திண்டு போட்டோவில் நன்றாக இருக்கும். "உக்காந்தா எழுந்திருக்கணுமே, எதைப் பிடிச்சுக்கறது?" என்பார் அம்மா. கைப்பிடி பெஞ்சுகளுக்கு விடிந்த கொஞ்ச நேரத்திலேயே போட்டி. துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களும் உண்டு, பஸ்ஸில் போல.

அப்புறம் எட்டு போட்டு நடப்பவர்கள், சத்தமாகச் சிரித்துப் பயிற்சி செய்பவர்கள், நடந்த களைப்பு தீர அருகம்புல் சாறு குடித்துவிட்டு அடுத்த கடையில் போண்டா வாங்குபவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு சிறுவர்கள் மைக் இல்லாமல் பாடும் கச்சேரி நடக்கும். பாட்டு நன்றாக இருந்தால் நடப்பவர்கள் நின்றுவிடுவார்கள். சுமார் என்றால் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த சுற்று போய்விடுவார்கள். சபாவில் அந்தச் சௌகரியம் கிடையாது.

இவ்வளவுக்கும் அடிப்படை நிழல். இதை எனக்குக் காட்டியது வர்தா புயல். 2016 டிசம்பர் 12. நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அப்போது நாங்கள் இருந்த பேட்டையில் ஒரு சின்னப் பூங்கா. அதன் தூங்குமூஞ்சி மரமும் குல்மோகர்களும் ஒரே நாளில் சாய்ந்தன. வேம்பும் புங்கமும் கிளை ஒடிந்து நின்றன. மரத்தை அறுத்து எடுத்து, நடைபாதையைச் சரிசெய்து, புது விளக்கும் போட்டார்கள். கூட்டம் திரும்பவில்லை. எட்டு மணிக்கே கல் சுட்டது. போதாததற்கு, அப்போதெல்லாம் வெயில் ஏறியதும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மதியம் நிழல் தேடி வரும் மருந்துக் கம்பெனி ரெப்புகளும், இண்டர்வியூவுக்கு வந்து நேரம் போக்குகிறவர்களும் வெளியே சுவரோரம் நிற்பார்கள். பூங்கா யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு மட்டும் அது மூடியிருக்கும்!

கதீட்ரல் சாலையில் 2024இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தபோது அக்கா பிள்ளைகள் பிடுங்கி எடுத்தார்கள். ஜிப்லைன் எல்லாம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நுழைவுச்சீட்டு 100 ரூபாய் என்றதும் அம்மா, "உக்கார்றதுக்கா?" என்றார். நான் அந்தப் பூங்காவைக் குறை சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போகிற இடம் அது. எதிரே உள்ள செம்மொழிப் பூங்காவுக்கும் டிக்கெட் உண்டு, ஆனால் மரங்கள் பழையவை; டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடம் அல்லவா. விருந்தாளிகள் வந்தால் அங்கே கூட்டிப் போவேன். தினமும் போவதற்கு டிக்கெட் இல்லாத இடம் வேண்டும், தெரிந்த முகம் வேண்டும், ஒரு நாள் வராவிட்டால் "நேத்து காணோமே" என்று கேட்க யாராவது வேண்டும்.

கழிப்பறையையும் சொல்லியாக வேண்டும். புதுப் பூங்கா எதற்குப் போனாலும் அம்மா முதலில் விசாரிப்பது அதைத்தான். சில இடங்களில் கட்டி, ஓடு பதித்து, பூட்டி வைத்திருப்பார்கள். சாவி காவலாளியிடம், காவலாளி டீக்கடையில். பூங்காவுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் செயற்கை நீரூற்றுக்கு முன்னால் இதைக் கவனித்தால், எங்கள் பெஞ்சுக்காரப் பெண்கள் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காருவார்கள்.