பில்லி பாஸ்டன்: கார்டிஃப் கோட்டைவிட்ட ஆட்டக்காரர்

1934-இல் வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே பகுதியில், சியரா லியோனிலிருந்து வந்த தந்தைக்கும் ஐரிஷ் வழிவந்த தாய்க்கும் பிறந்த பில்லி பாஸ்டனுக்கு, கார்டிஃப் சங்கத்துக்காகவும் பின்னர் வேல்ஸ் நாட்டுக்காகவும் ரக்பி யூனியன் ஆட வேண்டும் என்பதே இளமைக் கனவு. உள்ளூர்ச் சங்கம் அவரை அழைக்கவே இல்லை. நிறம்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் வேறு காரணம் தென்படவில்லை.

1953-இல் அவர் ராணுவ சேவையில் இருந்தபோது, வட இங்கிலாந்தின் விகன் ரக்பி லீக் சங்கத்தார் வீடு தேடி வந்தனர். மகனை அனுப்ப விரும்பாத தாய், கேட்டால் ஓடிவிடுவார்கள் என்றெண்ணி 3,000 பவுண்டு கேட்க, அவர்களோ தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். ரக்பியில் இரண்டு வகை: யூனியன் அன்று ஊதியமில்லாத ஆட்டம், லீக் கூலிக்கு ஆடுவது. கூலி வாங்கி லீக் ஆடியவருக்கு யூனியனின் கதவு நிரந்தரமாக அடைக்கப்பட்ட காலம் அது. கையெழுத்திட்ட கணமே வேல்ஸ் யூனியன் அணிக் கனவு முடிந்தது.

அடுத்த ஆண்டே, விகனின் முதன்மை அணியில் ஒரு சில ஆட்டங்களே ஆடியிருந்த அந்த 19 வயது இளைஞர், பிரிட்டன் அணியுடன் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்று 18 ஆட்டங்களில் 36 டிரைகள் எடுத்தார். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் டிரை. அதற்கு அன்று மூன்று புள்ளிகள். பாஸ்டன் ஆடியது மைதானத்தின் ஓரமான விங் இடத்தில். விங் ஆட்டக்காரர்கள் பொதுவாக விலகி ஓடித் தப்புவார்கள். பாஸ்டனிடம் வேகமும் இருந்தது, மறிப்பவரை மோதித் தள்ளிவிட்டுப் போகும் உடல்வலிமையும் இருந்தது. 1968 வரை விகனுக்காக 488 ஆட்டங்களில் 478 டிரைகள்; மற்ற அணிகளுக்காக எடுத்தவற்றையும் சேர்த்தால் மொத்தம் 571. ரக்பி லீக் வரலாற்றில் அவரை விஞ்சியவர் 796 எடுத்த பிரையன் பெவன் ஒருவரே.

எண்களைவிட என்னை உறுத்துவது 1957-ஆம் ஆண்டுதான். ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை முடிந்ததும், பிரிட்டன் அணி காட்சி ஆட்டங்களுக்காக நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. பாஸ்டன் மட்டும் தனியே ஊர் திரும்பினார். அவரை விட்டுவிட்டு அணி போயிருக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஓய்வுக்குப் பின் விகனிலேயே தங்கி, மைதானத்தருகே மதுக்கடை நடத்தினார். அவரை அழைக்காத கார்டிஃப், 2023-இல் ரக்பி லீக் ஆட்டக்காரர்களான கிளைவ் சல்லிவன், கஸ் ரிஸ்மன் ஆகியோருடன் அவருக்குச் சிலை வைத்தது. 2025-இல் சர் பட்டமும் வந்தது. 1895-இல் தோன்றிய ரக்பி லீக்கில் அதைப் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 90.