அப்ப நாம அளந்தது என்னங்க மிஸ்?

அந்தப் பொண்ணு சொன்னது பொய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்ட பாதிப் பேர் அவளைத்தான் குறை சொல்கிறார்கள்.

ஜெர்மனியின் ரூர் பகுதிப் பள்ளி ஒன்றும் திருப்பூரில் எங்கள் பள்ளியும் சேர்ந்து நடத்திய பரிமாற்றத் திட்டம் அது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அவரவர் ஆற்றுத் தண்ணீரை அளந்து ஒரே ஆன்லைன் அட்டவணையில் பதிய வேண்டும். கடைசியில் வீடியோ காலில் பேச வேண்டும். அவர்களுக்கு எம்ஷர், எங்களுக்கு நொய்யல். பேச்சு நன்றாகத்தான் போனது. நடுவில் அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் டீ ஷர்ட்டைப் பிடித்துக் காட்டி, "இது உங்கள் ஊரில் தைத்ததாக இருக்கலாம். இதற்கும் உங்கள் ஆற்றில் இருக்கும் உப்புக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டான். அதில் கிண்டல் எதுவும் தெரியவில்லை.

எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி மைக்கை வாங்கினாள். "முன்னால் இருந்தது. 2011-ல் கோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு சாயத் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஆற்றுக்குப் போவதில்லை. எல்லாவற்றையும் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறோம்" என்று தடுமாறாத ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் கைதட்டினார்கள். அவளுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த நான் எதுவும் சொல்லவில்லை. திரையின் ஓரத்தில் எங்கள் அட்டவணை திறந்தே இருந்தது. அதில் அவள் கையாலேயே பதிந்த டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 2,000-ஐத் தாண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது, பாலத்திலிருந்து வாளி இறக்கித் தண்ணீர் எடுத்த பையன் வந்து நின்றான். "ஏனுங்க மிஸ், சொட்டுகூட உடறதில்லீன்னா, அப்ப நாம அளந்தது என்னங்க மிஸ்?"

"மீட்டர் எவ்வளவு உப்புன்னுதான் சொல்லும் கண்ணு, யாரு போட்ட உப்புன்னு சொல்லாது" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஒப்புக்கொண்டானா, இதற்கு மேல் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று விட்டானா, தெரியவில்லை.

பதில் சரியானதுதான். அந்தப் பேனா மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதை வைத்துக் கரைந்திருக்கும் உப்பைக் கணக்கிடுகிறது. சாக்கடை நீரிலும் உப்பு உண்டு, சோப்பு நீரிலும் உண்டு. பல வருஷம் பூமிக்குள் இறங்கிய பழைய உப்பு ஊற்றாகக் கசிந்து ஆற்றுக்கு வந்தாலும் அதே எண்ணைத்தான் காட்டும். ஒரே இடத்தில் ஒரு வாளி எடுத்துவிட்டு, சாயப்பட்டறைதான் காரணம் என்று எந்த அறிவியல் ஆசிரியரும் சொல்ல மாட்டார். ஆனால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த விஷயத்தைக் கேள்வி கேட்ட ஜெர்மன் பையனிடம் சொல்லாமல் நம் பையனிடம் மட்டும் ஏன் சொன்னேன்?

அவளுடைய அப்பா சாயப்பட்டறையில் மாஸ்டர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம், கழிவுநீரே வெளியேறாத நிலையை எட்டாத பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னபோது இவள் கைக்குழந்தை. நகையை அடகு வைத்துவிட்டுக் குடும்பமே சொந்த ஊருக்குத் திரும்பிப் போய்க் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அந்த உப்பு துணியில் தங்காது, நிறத்தை எடுத்தாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும், அதற்காகத்தான் ஆர்.ஓ., அதிலும் மிஞ்சுவதைக் காய்ச்ச எவாப்பரேட்டர் என்று வகுப்பில் அவள் விளக்கியபோது நானே குறிப்பு எடுத்தேன். காய்ச்சி எடுத்த உப்பைத் திரும்பச் சாயத்துக்கே போடுகிறார்கள் என்பதையும் அவள்தான் சொன்னாள். பாடப்புத்தகத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? அப்படிப்பட்ட பிள்ளை, அப்பாவின் தொழிலைப் பற்றி அயல்நாட்டுக்காரர்கள் முன்னால் முதல் முறையாக வாய் திறக்கும்போது, மைக்கைப் பிடுங்கி "ஆனால்" என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. மறுபடி நடந்தாலும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் என் அம்மா ஊர் ஒரத்துப்பாளையம் பக்கம். அங்கே நொய்யலின் குறுக்கே 1992-ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த அணை, சாயக் கழிவின் தொட்டியாகிப் போனதை மாமா வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தவள் நான். மாடு வாய் வைக்காத தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன வெள்ளாமை செய்வது? மாமாவுக்கு நஷ்டஈடு வந்தது, தோட்டம் திரும்பி வரவில்லை. தீர்ப்புக்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனாலும் மழைக்காலத்தில் நொய்யலில் நுரை பொங்கியது, நிறம் மாறி ஓடியது என்று செய்தி வரத்தான் செய்கிறது. ஒரு சொட்டுகூட விடக்கூடாது என்பது சட்டம். அதை அவள் நடப்பு என்று சொன்னாள். மாமா இருந்து அந்த வீடியோ காலைப் பார்த்திருந்தால் கைதட்டியிருக்க மாட்டார். என்னையும் ஏதாவது கேட்டிருப்பார்.

அந்த ஜெர்மன் பிள்ளைகள் தங்கள் கதையைக் கூச்சமில்லாமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எம்ஷர் நூறு வருஷத்துக்கு மேல் திறந்த சாக்கடையாக ஓடியது. நிலக்கரிச் சுரங்கத்தால் பூமி உள்வாங்கிக்கொண்டே இருந்ததால் அடியில் குழாய் பதிக்க முடியவில்லை, அதனால் ஆற்றையே சாக்கடையாக்கிக்கொண்டார்கள். அதை மீட்கும் வேலை தொடங்கியது 1992-ல். நாம் ஒரத்துப்பாளையத்தில் அணையைக் கட்டி முடித்த அதே வருஷம்! 500 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து, 2021 கடைசியில்தான் கழிவுநீர் கலப்பது முழுதாக நின்றது. அவர்களுக்கு அது தாத்தா காலத்துக் கதை, அதனால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. நாங்கள் நடுவில் நிற்கிறோம், அப்பாவுக்கு நாளைக்கு ஷிப்ட் இருக்கிறது.

அந்தப் பையனிடம், "உன் டீ ஷர்ட்டுக்கு இன்னும் ஒரு யூரோ கூடக் கொடுப்பாயா?" என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆகும் செலவு எங்கள் தலையில், பீஸுக்கு எத்தனை பைசா குறைப்பாய் என்ற பேரம் அவர்கள் கடைக்காரர்களிடமிருந்து. பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் தம்பி இதைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவன் பதினாலு வயசுப் பையன், கேட்டது உப்பைப் பற்றி.

இதற்கிடையே ஒரு கூத்து. அவர்கள் மின்கடத்துத்திறனை மைக்ரோசீமன்ஸில் பதிந்திருக்கிறார்கள், நாங்கள் டிடிஎஸ்ஸை பிபிஎம்மில். இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்து, கணினி அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் அழகான வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டது. அன்று இரவு இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரே நிம்மதி. அலகே வேறு, ஒப்பிடவே கூடாத எண்கள், அப்படியானால் அட்டவணையைக் காட்டி நான் பேசாமல் இருந்தது சரிதானே? அப்புறம் மாற்றிப் பார்த்தேன். எங்கள் மீட்டர் கடத்துத்திறனைப் பாதியாக்கித்தான் பிபிஎம் காட்டும். வரைபடத்தில் எங்கள் பட்டை அவர்களுடையதைப் போல் இரண்டு மடங்கு இருந்தது. ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு.

அங்குள்ள ஆசிரியருக்கு எழுதினேன். நன்றி சொல்லி அட்டவணையைத் திருத்தினார். எங்கள் வராந்தாவில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் பழைய படம்தான் இருக்கிறது. புதிதாக அச்சடிக்கப் பணம் இல்லை என்கிறார் தலைமையாசிரியர். அடுத்த வருஷத்துக்குக் காற்றாலை என்று தலைப்பு வைத்துக்கொள்ளலாம், உடுமலைப் பக்கம் போனால் படமும் நன்றாக வரும் என்றும் சொல்கிறார்.

நான் தண்ணீரே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். யாருடைய உப்பு என்று தெரிய வேண்டுமானால் ஆற்றோடு மேலிருந்து கீழே வர வேண்டும். வாளிக்காரப் பையன் ஆலாந்துறையில் ஆரம்பிக்கலாம் என்கிறான். அந்தப் பொண்ணு, பட்டறைகளின் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளும் அளந்தால்தான் வருவேன், அப்பா மூலம் அனுமதி கேட்டுப் பார்க்கிறேன் என்கிறாள். வேனுக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை.