நிழல் எந்தப் பக்கம் விழுது? – வேலூர் ஒட்டுவேலை நாட்குறிப்பு

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. ஒரு போட்டோவிலிருந்து மணமக்களை வெட்டியெடுத்து இன்னொரு போட்டோவில் கோட்டை முன்னால் நிறுத்துவது, ஏலகிரியில் பனி இறக்குவது, கோபுரத்துக்குப் பின்னால் நிலா வைப்பது எல்லாம் இனி ஸ்டுடியோக்களில் அன்றாட வேலை. இந்தக் குறிப்புகள் அதற்காகத்தான்.

இலவசப் படத்திருத்த மென்பொருளான ஜிம்ப்பின் 3.0 பதிப்பு போன மாதம் வந்துவிட்டது. போட்ட ஃபில்டரை மறுபடி திறந்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதில் பெரிய லாபம். எனவே செய்முறை ஜிம்ப்பில். ஃபோட்டோஷாப்பிலும் ஃபோட்டோபீயிலும் மெனுப் பெயர்கள் கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது.

இங்கே தரும் பிளர் (மங்கலாக்கும்) எண்கள் 3000 பிக்சல் உயரமுள்ள படத்துக்கானவை. 6000 பிக்சல் என்றால் இரட்டிப்பாக்குங்கள், 1500 என்றால் பாதி. யாரோ வீடியோவில் சொன்ன "பிளர் 10" உங்கள் படத்தில் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இந்த அளவு வித்தியாசம்தான் காரணம்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று வேலூரில் நிழலில்லா நாள். நம் ஊர் ஏறக்குறைய 12.9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் இன்று பகல் 12.12 அளவில் நேர் உச்சிக்கு வரும், நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. மறுபடி ஆகஸ்ட் 18 வாக்கில் இப்படி வரும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஜூன் மாத மத்தியானப் படத்தில் நிழலை வடக்கே இழுத்து வைத்தால், திசை தெரிந்த உள்ளூர்க்காரர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும்.

ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு படத்திலும் நிழலைப் பாருங்கள். ஆளின் மூக்கு நிழல் உதட்டை நோக்கி நேர் கீழே இறங்கி, கண்குழி கறுத்திருந்தால் அது உச்சி வெயில் படம். அவருக்குக் காலடியில் நீள நிழல் வரையக் கூடாது. இந்த வாரக் கணக்குப்படி பிற்பகல் மூன்றேகால் மணிக்கு நிழல் ஏறக்குறைய ஆள் உயரமே இருக்கும், நாலேகாலுக்கு உயரத்தைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு. பின்னணிப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஃபைல் விவரத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து நீளத்தை முடிவு செய்யலாம், ஊகிக்க வேண்டாம்.

நிறத்துக்கும் ஊகம் வேண்டாம். நிழல் என்றாலே கறுப்பு ஊற்றி ஒபாசிட்டியை (மறைக்கும் அடர்த்தியை) குறைக்கிறார்கள். வெட்டவெளி நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும், கறுப்பு அங்கே ஒட்டாது. பின்னணியில் ஏற்கெனவே ஒரு மரத்தின் நிழலோ விளக்குக் கம்பத்தின் நிழலோ இருக்கும். கலர் பிக்கரால் வெயில் பட்ட தரையையும் அதே தரையின் நிழற்பகுதியையும் தொட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீல எண்கள் வெயில் தரையில் 210, 180, 150 என்றும் நிழலில் 80, 78, 76 என்றும் வந்தால், ஒவ்வொரு நிழல் எண்ணையும் அதன் வெயில் எண்ணால் வகுத்து 255ஆல் பெருக்கினால் 97, 111, 129. அந்த நீலச் சாம்பல்தான் உங்கள் நிழலின் நிறம். அதை மல்டிப்ளை மோடில் (கீழே உள்ள நிறத்தோடு பெருக்கி இருட்டாக்கும் கலப்பு முறை), ஒபாசிட்டி 100 வைத்து ஊற்றினால் உங்கள் நிழலும் மர நிழலும் ஒரே அடர்த்தியில் நிற்கும்.

செய்முறை: வெட்டிய ஆள் இருக்கும் லேயரை (அடுக்கை) டூப்ளிகேட் செய்து, கீழே இருப்பதில் ஆல்ஃபாவை (வெறுமையான பகுதியை) லாக் செய்து அந்த நிறத்தை நிரப்புங்கள். மோடை மல்டிப்ளைக்கு மாற்றுங்கள். ஷிஃப்ட்+டி அழுத்தினால் யூனிஃபைட் டிரான்ஸ்ஃபார்ம் வரும். பாதம் நகராமல் தலைப்பக்கத்தை மட்டும் தரையில் சாய்க்க வேண்டும். நிழல் வழியில் சுவர் குறுக்கிட்டால், சுவர் தொடங்கும் கோட்டில் நிழலை வெட்டி மேல்பாதியை நிமிர்த்துங்கள். கோட்டை மதில் முன்னால் நிறுத்தும் படங்களில் அதிகம் விட்டுப்போவது இந்த மடிப்புதான்.

பிளர் எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்கக் கூடாது. சூரிய வட்டம் வானத்தில் அரை டிகிரிக்குச் சற்று மேல். அதனால் நிழலைப் போடும் பொருளுக்கும் நிழலுக்கும் ஒரு மீட்டர் தூரம் என்றால், நிழலின் ஓரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மங்கும். பாதத்தருகே கூர்மை, தலை நிழலில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் மங்கல். நிழல் லேயரை இரண்டாக்கி ஒன்றுக்கு காஸியன் பிளர் 1, மற்றதற்கு 8 வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கிரேடியன்ட் மாஸ்க்கால் (வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மெல்ல மாறும் மறைப்பால்) மாறுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மர நிழலுக்குள் ஆள் நிழல் நுழைந்தால் அங்கே இருட்டு அதிகமாகாது, ஏற்கெனவே மறைந்த சூரியன் இன்னொரு முறை மறையாது. மல்டிப்ளை அங்கே இரட்டிப்பாகக் கறுக்கும், அந்தப் பகுதியை மாஸ்க்கில் அழியுங்கள். இன்னொன்று, சாய்த்த நிழல் கேமரா பார்த்த வடிவம், சூரியன் பார்த்த வடிவம் இல்லை. வெயில் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தால் பிரச்சினை இல்லை. பக்கவாட்டு வெயிலில் நேராக நிற்கும் ஆளுக்குப் பக்கவாட்டு உருவ நிழல்தான் விழ வேண்டும், இந்த முறை அங்கே தோற்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆள் காற்றில் மிதக்கிறார் என்று தோன்றினால் நீள நிழலைத் திருத்திப் பயனில்லை. செருப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய இருட்டுக் கோடு வேண்டும். தனி மல்டிப்ளை லேயர், 4 பிக்சல் பிரஷ், நிறம் 40, 40, 45, பிளர் 2. பட்டுப்புடவை தரையில் புரண்டால் அதன் கீழ்க்கரை முழுக்க இது வேண்டும்.

வெட்டும் வேலைக்கு மாஸ்க் மட்டும், இரேசரைத் தொடாதீர்கள். செலக்‌ஷனை 1 பிக்சல் ஷ்ரிங்க் (சுருக்கல்), 0.7 ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்கல்). மல்லிகைச் சரமும் முடியும் மட்டும் கையால் மாஸ்க்கில் தீட்ட வேண்டியவை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இந்த நாட்களில் எடுத்த படங்களில் வானம் வெள்ளைக் காகிதமாக வரும். மாற்றுவதற்கு இது கெட்டதில்லை, உண்மையில் வசதி.

வெள்ளை வானத்தில் 255ஐத் தொட்ட பகுதிகளுக்கு மாஸ்க்கே வேண்டாம். புது வானத்தை மேலே வைத்து மல்டிப்ளை போட்டால் வெள்ளை மேல் புது வானம் அப்படியே தெரியும், கறுத்த புளிய இலைகள் கறுப்பாகவே நிற்கும். இலை இலையாக வெட்டும் வேலை இல்லாமல் போகும். வானம் 235, 240 என்று நின்றால் முதலில் லெவல்ஸில் (இருட்டு, வெளிச்ச எல்லைகளை மாற்றும் கருவி) வெள்ளை முனையை 235க்கு இழுங்கள்.

கோபுரத்துக்கு இது போதாது. வெயில் பட்ட சிற்பங்கள் வெளுப்பாக இருக்கும், மல்டிப்ளையில் அவற்றின் மேலும் மேகம் ஏறிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக இருக்கும் சேனல் பட்டியலில் நீலச் சேனலை டூப்ளிகேட் செய்யுங்கள். பொதுவாக வானத்துக்கும் கட்டடத்துக்கும் வித்தியாசம் அதிகம் தெரிவது அதில்தான். லெவல்ஸில் இரண்டு முனையையும் நெருக்கினால் வானம் வெள்ளை, கோபுரம் கறுப்பு. கோபுரத்துக்குள் மிஞ்சும் வெள்ளைப் புள்ளிகளைக் கறுப்பு பிரஷ்ஷால் மூடி, அதையே செலக்‌ஷனாக்கி வான லேயருக்கு மாஸ்க்காகக் கொடுங்கள்.

ஓரத்தில் வெள்ளைக் கோடு மிஞ்சும். பழைய வெள்ளை வானம் கல்லின் ஓரத்தில் கசிந்தது அது. மாஸ்க்கை ஒரு பிக்சல் கோபுரத்துப் பக்கம் நகர்த்தினால் போய்விடும், மூன்று பிக்சல் நகர்த்தினால் கலசம் தேய்ந்துவிடும்.

வானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மேகத்தின் எந்தப் பக்கம் வெளிச்சம் என்று பாருங்கள். கோபுரத்தின் இடப்பக்கம் வெயிலடித்தால் மேகத்துக்கும் இடப்பக்கம்தான். மாறியிருந்தால் வானத்தை இட வலமாகத் திருப்பினால் போதும். அடிவானத்தருகே நீலம் வெளுக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலை வானத்தைக் கொண்டுவந்து மே மாத வேலூர் மேல் ஒட்டினால் எதுவும் அதைக் காப்பாற்றாது.

மே 11, ஞாயிறு

கோட்டை அகழியில் பிரதிபலிப்பு. மதிலை டூப்ளிகேட் செய்து, தலைகீழாக்கி, நீர்க்கோட்டில் சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் தவறுகள்.

முதலாவது, பிரதிபலிப்பு எங்கும் ஒரே அடர்த்தியில் இருப்பது. தண்ணீரை நேர் கீழே பார்த்தால் ஏறக்குறைய 2 சதவீத ஒளிதான் திரும்பும். நீர்மட்டத்தோடு 10 டிகிரி சாய்வில் பார்த்தால் ஏறக்குறைய 35 சதவீதம் திரும்பும். அதாவது தூரத்து நீரில் மதில் நன்றாகத் தெரியும், நம் பக்கம் வர வர மங்கி அகழியின் பச்சை மேலோங்கும். மேலே வெள்ளையும் கீழே அடர்சாம்பலும் உள்ள கிரேடியன்ட் மாஸ்க் இதைத் தரும். மேல் பகுதியிலும் ஒபாசிட்டி 80ஐத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது, அலையை இட வலமாக ஆட்டுவது. நிஜத் தண்ணீரில் அலை பிம்பத்தை மேலும் கீழுமாக நீட்டும், பக்கவாட்டு ஆட்டம் குறைவு. மோஷன் பிளரைச் செங்குத்தாக 15 முதல் 20 பிக்சல் வரை போடுங்கள். பிறகு சாலிட் நாய்ஸில் (மேகம் போன்ற திட்டுகளை உருவாக்கும் ஃபில்டர்) எக்ஸ் அளவு 2, ஒய் அளவு 16 கொடுத்தால் கிடைக்கோடுகளாக ஒரு வரைபடம் கிடைக்கும். அந்த லேயரைப் பர்ஸ்பெக்டிவ் டூலால் தூரத்தில் நெருக்கமாகவும் அருகில் அகலமாகவும் இழுத்து, அதன் வெளிச்சத்துக்கேற்பப் படத்தை நகர்த்தும் டிஸ்பிளேஸ் ஃபில்டருக்குக் கொடுங்கள். ஒய் 12, எக்ஸ் 3. அருகில் பெரிய அலை, தூரத்தில் சிறிய அலை என்பது தானாக அமையும்.

மதில் ஓரத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் அவருடைய பிரதிபலிப்பை விட்டுவிடாதீர்கள். நீர்க்கோட்டிலிருந்து அவர் எவ்வளவு மேலே இருக்கிறாரோ அவ்வளவு கீழே.

மே 12, திங்கள், சித்ரா பௌர்ணமி

நிலாவும் அரை டிகிரிதான். சென்சாரில் அதன் குறுக்களவு, லென்ஸின் மில்லிமீட்டரை 110ஆல் வகுத்தால் வரும். ஃபுல்ஃபிரேம் கேமராவில் (சென்சார் அகலம் 36 மில்லிமீட்டர்) 24 மில்லிமீட்டர் லென்ஸ், 6000 பிக்சல் அகலம் என்றால் நிலா 36 பிக்சல். 200 மில்லிமீட்டரில் 300 சொச்சம். போன் மெயின் கேமராவில் 4000 பிக்சல் படத்துக்கு 25 பிக்சல் அளவுதான். அகல லென்ஸில் எடுத்த கோபுரத்துக்குப் பின்னால் 800 பிக்சல் நிலா வைத்தால் அது போஸ்டர். போஸ்டர் கேட்டவருக்குக் கொடுங்கள், அதில் தப்பில்லை. நிஜம்போல வேண்டும் என்பவருக்கு, கோபுரத்தைத் தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்த படமாகப் பார்த்து எடுங்கள்.

முழு நிலா சூரியனுக்கு எதிரில் உதிக்கும். அஸ்தமனச் செம்மையும் முழு நிலாவும் ஒரே திசையில் இருக்க முடியாது. பிறை என்றால் முடியும், அப்போது ஒளிர்ந்த பக்கம் சூரியன் மறைந்த திசையைப் பார்க்க வேண்டும்.

வைக்கும்போது ஸ்கிரீன் மோட், அது மல்டிப்ளைக்கு எதிர், கறுப்பு மறைந்துவிடும். கறுப்பு வானத்தோடு எடுத்த நிலாவுக்கு வெட்டும் வேலையே இல்லை. நிலாவின் முன்னால் மேகம் நகரலாம், நிலாவுக்குள் நட்சத்திரம் வரக் கூடாது.

மே 18, ஞாயிறு

ஏலகிரி, ஜவ்வாது மலைப் படங்களுக்குப் பனி. வெள்ளை பிரஷ்ஷால் மேலே பூசுவது பனி ஆகாது, அது புகை. பனி தூரத்தைப் பொறுத்தது. ஒரு கிலோமீட்டரில் பாதி மறைந்தால் இரண்டு கிலோமீட்டரில் முக்கால், மூன்றில் 87 சதவீதம். ஆகவே மலை வரிசை ஒவ்வொன்றையும் தனி மாஸ்க்காகப் பிரித்து, பனி நிறத்தை நார்மல் மோடில் 50, 75, 87 ஒபாசிட்டியில் வையுங்கள். முன்னால் நிற்கும் மரத்துக்கு 5க்கு மேல் வேண்டாம். பனி நிறம் தூய வெள்ளை வேண்டாம், அடிவானத்தில் கலர் பிக்கரால் எடுத்த நிறம்.

பள்ளத்தில் தங்கும் மேகத்துக்கு மட்டும் சாலிட் நாய்ஸ், எக்ஸ் 1, ஒய் 4, ஸ்கிரீன். அதன் மேல் ஓரம் மங்கலாக, மலைச்சரிவில் படிய வேண்டும். பனி போட்ட படத்தில் தரையில் கூர்மையான வெயில் நிழல் இருந்தால் எல்லாம் வீண். மேகமூட்ட நாளில் எடுத்ததையே தேர்ந்தெடுங்கள்.

மே 25, ஞாயிறு

நீண்ட நேரம் எடுத்தால் நட்சத்திரங்கள் வரையும் வட்டங்கள் பற்றிச் சிறு குறிப்பு. காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் இருட்டு வானம் கிடைக்கும். 30 விநாடி வீதம் 120 படங்கள், நடுவில் ஒரு விநாடிக்கு மேல் இடைவெளி இல்லாமல் எடுத்து, எல்லாவற்றையும் லேயர்களாகத் திறந்து லைட்டன் ஒன்லி மோடில் (வெளிச்சமானது மட்டும் நிற்கும்) அடுக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி வளைவு வரும். கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை நிறுத்தாவிட்டால் வளைவு புள்ளிக்கோடாகும்.

இணையத்தில் எடுத்த வட்டத்தை ஒட்டுபவர்களுக்கு: நம் பக்கம் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான் உயரம். வட்டத்தின் மையம் கோபுர உச்சிக்கும் மேலே நடுவானில் நின்றால் அது ஐரோப்பிய வானம். தெற்கே பார்த்த படத்தில் அந்த மையத்துக்கு இடமே இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

வேலை முடிந்ததும் ஒட்டு தெரிகிறதா என்று பார்க்க, மேலே ஒரு தற்காலிக லேயர்: கலர் சாம்பல், மோட் எச்எஸ்வி சாச்சுரேஷன். படம் கறுப்பு வெள்ளையாகும். ஆளின் இருட்டு 5லும் பின்னணியின் இருட்டு 30லும் நின்றால் உடனே தெரியும், லெவல்ஸில் ஆளின் அவுட்புட் கறுப்பை 30க்கு உயர்த்துங்கள். பிறகு அந்த லேயரை அணைத்துவிட்டு 200 சதவீதத்தில் இரண்டின் கிரெய்னை (புள்ளிச் சொரசொரப்பை) பாருங்கள். போனில் எடுத்த பின்னணி வழுவழுப்பாகவும் கேமராவில் எடுத்த ஆள் சொரசொரப்பாகவும் இருக்கும். வழுவழுப்பானதற்கு ஆர்ஜிபி நாய்ஸ் 0.03 அளவில் சேர்க்கலாம், சொரசொரப்பைத் தேய்த்தால் முகம் மெழுகாகும்.

12க்கு 36 அங்குல ஆல்பத் தாளுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600க்கு 10800 பிக்சல் வேண்டும். பின்னணி அவ்வளவு இல்லாவிட்டால் முதலிலேயே பெரிதாக்கிவிட்டு ஆளை ஒட்டுங்கள், கிரெய்ன் சேர்ப்பது அதற்கும் பிறகு. நடுமடிப்பில் முகம் வராமல் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விடுங்கள். ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஃபைலை லேயரோடு வைத்துக்கொண்டு, பிரின்ட் லேபுக்கு ஜேபெக் தரம் 95, எஸ்ஆர்ஜிபி நிற முறையில் அனுப்புங்கள்.