பீலியில் தொங்கிய ஐஸ்

நான் ஸ்னோவைக் கண்ணால் கண்டதில்லை. நுவரெலியாவில் ஒரு தை மாதக் காலை, புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்த உறைபனியைப் பார்த்ததுதான் அதிகம். வெயில் ஏறியதும் அதுவும் போய்விட்டது. ஆனால் ஆறு வருடமாக எனக்குச் சோறு போடுவது ஸ்னோதான். பம்பலப்பிட்டியில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு கனடா வீடுகளின் கூரைச் சட்டங்களை வரைந்து அனுப்புகிறோம்.

ஆரம்பத்தில் எனக்கு ஸ்னோ என்றால் ஓர் எண். கனடாக் கட்டட விதிகளில், ஊருக்கு ஊர் நிலத்தில் சேரும் பனியின் பாரத்துக்கு அட்டவணை இருக்கிறது. சாதாரண வீட்டுக் கூரைக்கு அதில் 55 சதவீதத்தை எடுத்து, கூடவே மழையின் பாரத்தையும் கூட்ட வேண்டும். மிச்சத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது கணக்கு. எவ்வளவு குறைவாக வந்தாலும் 1 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக்கூடாது. அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அஸ்பெஸ்டஸ் தகட்டின் மேல் அதை ஏற்றி நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமும்தான்.

பாரத்தைச் சரியாகப் போட்டால் கூரை சரி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு, அங்கே காலை ஒன்பது, எங்கள் வரைபடங்களைச் சரிபார்ப்பவர் அழைத்தார். பாரத்தில் பிழையில்லை, ஓரத்தைப் பார் என்றார். சுவருக்கு மேலே கூரைச் சட்டம் ஒடுங்கும் இடத்தில், வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சுக்கு நான் நாலு விரல் இடம்தான் விட்டிருந்தேன். பஞ்சு அங்கே நசுங்கிப்போகும், காற்று போகும் வழியும் அடைபடும்.

அதனால் என்ன என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். வீட்டுச் சூடு கசிந்து மேலே ஏறினால் பனி அடியில் உருகும். அந்தத் தண்ணீர் பனிக்குள்ளேயே சரிந்து கூரை விளிம்புக்கு வரும். விளிம்புக்குக் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. அங்கே உறைந்து கட்டியாகி, வரம்பு கட்டியதுபோல் நிற்கும். பின்னால் வரும் தண்ணீர் தேங்கி ஷிங்கிளுக்கு அடியால் ஏறும். ஷிங்கிளும் நம் ஓடு மாதிரித்தான். மேலிருந்து கீழே ஓடும் தண்ணீருக்காகவே அடுக்கியது. கீழிருந்து ஏறும் தண்ணீரிடம் அது தோற்றுப்போகும்.

கொழும்பில் வளர்ந்தவனுக்குக் கூரை என்றால் வெக்கை கீழே இறங்கும் இடம். மேற்கூரையைக் குளிராகவே வைத்திருக்க வேண்டும், அதற்காகவே வெளிக்காற்று விளிம்பால் நுழைந்து முகட்டால் போக வேண்டும் என்பது என் தலைக்குள் போக நாளெடுத்தது. அதன் பிறகு சட்டத்தின் குதியை, அதாவது சுவருக்கு மேலே அது ஒடுங்கும் அந்த ஓரத்தை, உயர்த்தாமல் நான் எதையும் அனுப்புவதில்லை. மரம் கொஞ்சம் கூடச் செலவாகும், சில வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

போன மாசியில் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். கூரை விளிம்பில் தண்ணீர் ஓடும் பீலியில் ஐஸ் ஊசிகள், ஒரு முழ நீளத்துக்கு. “தம்பி, எவ்வளவு வடிவாக் கிடக்கு பார்” என்றார். எனக்கு வடிவு தெரியவில்லை. வீட்டின் மற்றப் பக்கங்களில் ஒன்றும் இல்லை, ஒரு மூலையில் மட்டும் நெருக்கமாகத் தொங்கியது.

“அண்ணா, அந்த மூலைக்குக் கீழே என்ன அறை?”

“பாத்ரூம். ஏன்? உப்புப் போடட்டோ?”

“உப்புப் போடாதேங்கோ, பீலி துருப்பிடிக்கும். கூரைக்கு மேலே ஏறவும் வேண்டாம். உள்ளுக்கால மச்சுக்குள்ள ஏறி ஒருக்காப் பாருங்கோ.”

ஏறுவதற்கு அவருக்கு இரண்டு நாள் எடுத்தது. அப்புறம் வந்த படத்தில் பாத்ரூம் விசிறியின் குழாய், கூரைக்கு வெளியே போக வேண்டியது, கழன்று பஞ்சுக்கு மேலே கிடந்தது. குளிக்கும் சுடுதண்ணீரின் ஆவியெல்லாம் எத்தனை மாரியாக அங்கே போனதோ. பலகை கறுத்திருந்தது.