பின் சீலா, வேறு ஏதாவதா: பழைய மினி லாரியில் ஆயில் லீக் தேடிய ஆறு வாரம்

எங்கள் வீட்டு மினி லாரி 98 மாடல். நாலு சிலிண்டர் டீசல், டர்போ கிடையாது, சென்சார் கிடையாது. அப்பா இருந்தவரை அவர்தான் ஓட்டினார். இப்போது வாரத்துக்கு இரண்டு நடை, வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தேங்காயோ கொப்பரையோ ஏற்றிக்கொண்டு காங்கேயம் போய் வரும், அவ்வளவுதான். நான் மெக்கானிக் இல்லை. ஸ்பானர் பிடிக்கப் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கை சும்மா இருக்காது.

ஆனியில் ஒரு நாள் வண்டியை வழக்கம்போலக் களத்து ஓரமாக நிறுத்தினேன். காலையில் அம்மாவின் குரலில்தான் எழுந்தேன். "கண்ணு, கொப்பரை காயப்போடற எடத்துல இப்படிக் கருப்பாச் சிந்திக் கெடக்குது, இதுல காஞ்சதை எண்ணெய் ஆட்டுனா யாரு திங்கறது?" நியாயமான கேள்வி. எண்ணெய் மில்லுக்குப் பேர்போன ஊருக்குச் சரக்குக் கொண்டுபோகிறோம், அதில் எஞ்சின் ஆயில் வாடை வந்தால் அப்புறம் எவன் வாங்குவான். அதோடு எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எடுத்தாக வேண்டும், அடியில் எண்ணெய் வழிய வழியக் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

சொட்டு விழுந்தது எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டின் அடியில் இருக்கும் சின்னத் துளைக்கு நேராக. முதலில் அது எஞ்சின் ஆயில்தானா என்று பார்த்தேன். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், முகர்ந்தால் கந்தக வாடை மூக்கில் ஏறும். இது நீர்த்து, மை போலக் கறுப்பாக இருந்தது, டீசல் எஞ்சினுக்குள் ஓடிய ஆயில்தான் இப்படிக் கறுக்கும். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவினால் மேல் கோட்டில் இருந்த அளவு பத்து நாளில் கீழ்க் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. சைலன்சரில் நீலப் புகை இல்லை, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. ஆக, எரியவில்லை, வெளியேதான் போகிறது.

பட்டறையில் காட்டினேன். குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "கிராங்க் பின்னாடி சீல் போயிருச்சுங்க தம்பி, கியர் பாக்ஸை இறக்கோணும். இறக்கறதுதான் இறக்கறீங்க, கிளட்ச் பிளேட்டையும் மாத்திப்போடுங்க." கிராங்க் என்றால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, அதன் பின்முனையில் எண்ணெய் வெளியே வராமல் அடைக்கும் வளையம்தான் அந்த சீல். அவர் சொன்னதில் தப்பில்லை, அந்த இடத்தில் சொட்டினால் யாரும் முதலில் அந்த சீலைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் இரண்டு நாள் கூலியும் கிளட்ச் விலையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சங்ககிரியில் முப்பது வருடம் லாரி ஓட்டிய மாமாவுக்குப் போன் போட்டேன். "மாப்ள, கழுவிப் பாக்காம ஒரு போல்ட்டையும் கழட்டாதீங்க. ஒழுகற எடம் வேற, சொட்டற எடம் வேறங்க."

சரி என்று முதல் ஞாயிறு முழுக்கக் கழுவினேன். ஆல்டர்னேட்டரையும் காற்று போகும் வாயையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, டீசலில் பெயிண்ட் பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்த்தால் போகவே இல்லை. பட்டித் தகடு எடுத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடிக்கு முன்னாலேயே மண்ணை வாரிக்கொண்டு வரும் ஊர் இது. எண்ணெய் பட்ட இடத்தில் அந்த மண் ஒட்டி, வருடக்கணக்கில் ராகிக் களி மாதிரி ஒரு விரல்கடைத் தடிமனுக்கு ஏறியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு 13 சைஸ் நட்டு கிடைத்தது, எதனுடையது என்று இன்றைக்கு வரை தெரியவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

காய்ந்ததும் சங்கதிக்கு வந்தேன். வீட்டில் இருந்த முகப் பவுடரைப் பஞ்சில் தொட்டு எஞ்சின் பின்பக்கம் பூராவும் தட்டினேன். இருபது நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டேன், ஒன்றும் இல்லை. சும்மா நின்று ஓடும்போது ஒழுகாதது லோடு ஏற்றி ஓடும்போது ஒழுகும் என்பதால், காங்கேயம் நடை ஒன்று போய்விட்டு வந்து, கேபினுக்குள் இருக்கும் எஞ்சின் மூடியைத் திறந்து சவரக் கண்ணாடியை உள்ளே நீட்டினேன். எஞ்சின் உச்சியை மூடியிருக்கும் டேப்பெட் கவரின் பின் மூலையிலிருந்து, சுண்ணாம்புச் சுவரில் மழைத் தண்ணீர் இறங்கிய மாதிரி, வெள்ளைப் பவுடருக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. ஹெட், பிளாக் என்று இறங்கி, பெல் ஹவுசிங் சேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து அந்தத் துளை அருகே தொங்குகிறது. எஞ்சினைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்துத்தான் மாட்டியிருக்கிறார்கள், எண்ணெய் பின்னால் தேங்காமல் எங்கே போகும்.

கவரைக் கழற்றினால், அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்க வைத்திருந்த பழைய கார்க் பேக்கிங் முறுக்கு மாதிரி உடைந்து வந்தது. புதுசு வாங்கி மாட்டினேன், அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. இனி ஒழுகவே கூடாது என்று போல்ட்டை வெறியோடு முறுக்க, கார்க் பிதுங்கி ஒரு பக்கம் விரிந்துவிட்டது. மறுபடி ஒன்று வாங்கி, இந்தத் தடவை பலம் அதிகம் விழாதபடி ஸ்பானரைப் போல்ட்டுக்குக் கிட்டத்தில் பிடித்து, குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இரண்டு பேக்கிங்குக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, கிளட்ச் செலவை நினைத்தால் ஒன்றுமே இல்லை.

இரண்டு வாரம் களம் சுத்தமாக இருந்தது. மூன்றாவது வாரம் அதே மூலையில் மறுபடி ஈரம். அன்றைக்கு வந்த கோபத்தில் வண்டியை விற்றுவிடலாம் என்று தோன்றியது.

மாமாவுக்கு மறுபடி போன். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது அந்த வாய்மேலேயே தலைகீழாக வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். அரிசி கொதிக்கும் குண்டா மூடி மாதிரி அது குதியோ குதியென்று குதித்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்குவது எல்லா எஞ்சினிலும் உண்டு, அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். அந்த வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் கட்டும், பேக்கிங்கோ சீலோ எது இளைத்ததோ அதைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வரும். ரிங் போயிருந்தாலும் மூடி இப்படித்தான் ஆடும் என்று அவர் சேர்த்துச் சொன்னதில் ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். குழாயைக் கழற்றினால் உள்ளே இருக்கும் வலையில் கறுப்புக் களிம்பு, விரலை விட்டுத் தோண்டி எடுக்கும் அளவுக்கு. எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே நிறுத்துகிற சின்ன ஓட்டம்தான் இதற்குக் காரணம், உள்ளே படியும் ஈரம் காயாமல் எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிவிடும். அப்பா காலத்தில் ஈரோடு, கரூர் என்று ஓடிய வண்டிக்கு இப்போது தோட்டத்துக்கும் பக்கத்து ஊருக்குமாகத்தான் வேலை. டீசலில் ஊறவைத்துக் கழுவி மாட்டியதும் மூடி இலேசாக நடுங்கியதோடு சரி. ரிங் பயம் போனது.

இன்னொரு இடமும் கண்ணில் பட்டது. ஆல்டர்னேட்டர் முதுகில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் இருக்கிறது, அதற்கு எஞ்சினிலிருந்து ஆயில் போகும் மெல்லிய குழாயின் போல்ட் ஓரத்தில் ஈரம். அங்கே இருக்கும் காப்பர் வாஷர் இரண்டும் பல தடவை இறுகிக் கல்லாகிவிட்டிருந்தன. கடை மூடிய நேரம். கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்து மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சித் தண்ணீர்ச் சொம்பில் போட்டேன், சுர்ரென்றது. செம்பு இப்படிச் சூடுபட்டால் இளகிவிடும், மாட்டும்போது நன்றாகப் பதியும். அம்மா அடுப்பையும் சொம்பையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சொம்பை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

இப்போது ராத்திரி நிறுத்தும்போது அடியில் ஒரு அட்டையை விரித்துத் தேதி எழுதுகிறேன். முதல் அட்டையில் பதினாலு சொட்டு, பிரீதர் கழுவிய வாரம் மூன்று. டிப் ஸ்டிக் மூன்று வாரமாக மேல் கோட்டைவிட்டு இறங்கவில்லை. நேற்று வைத்த அட்டையில் ஒரே ஒரு சொட்டு, பெல் ஹவுசிங் துளைக்கு நேர் கீழே. டேப்பெட் கவர் மூலை காய்ந்து கிடக்கிறது, கண்ணாடி விட்டுப் பார்த்தேன். அப்படியானால் இது பின் சீல்தான். மெக்கானிக் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.