மணிக்கூண்டிலிருந்து தொடங்கும் பாடம்

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களில் 14 பேர் உயிர்துறந்தனர் என்றும் ஆங்கிலக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு அப்போரைக் கற்பிக்கும்போது, பாடநூலுக்கு முன்பாக அக்கல்வெட்டையே படிக்கச் செய்கிறேன். திரும்பி வந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எவரேனும் கேட்டுவிட்டால், அன்றைய வகுப்பு தானாகவே நடந்துவிடும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் படைப்பிரிவு, படை எண், இறந்த நாள் ஆகியவையும், சிலருக்குத் தந்தை பெயரும் சொந்த ஊரும் கிடைக்கும். ஆயினும் அது மாண்டவர்களின் பதிவேடு. பிழைத்தவர்களைத் தேட வீட்டுப் பெட்டிகளைத்தான் திறக்க வேண்டும். அக்காலத்துப் பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருப்பதால், தட்டாரின் உலைக்குத் தப்பிய பதக்கம் ஒன்றே போதிய ஆவணமாகும்.

தலைமுறைதோறும் ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டை போன்ற ஊர் அருகிலிருக்க, முன்னாள் வீரர்களை நேரில் கேளாதிருப்பது பெருங்குறை. அவர்கள் சொல்லும் ஆண்டும் ராணுவப் பணியிலிருந்து விடுவித்த சான்றிதழில் உள்ள ஆண்டும் முரண்பட்டால், பெரியவரைத் திருத்த முனையாமல் இரண்டையும் குறித்துக்கொள்ளுமாறு மாணவர்களிடம் சொல்கிறேன். காகிதத்தில் நாள் சரியாக இருக்கும். பட்ட குளிரும் பசியும் அதில் இரா. ஓய்வூதிய ஆணையைப் படமெடுக்க நேர்ந்தால், ஒப்புதல் பெற்று, வங்கிக் கணக்கு எண்ணை மறைத்த பின்னரே எடுக்க வேண்டும்.